புல் ஹெவினும் முப்பத்தேழு காலடிகளும்

கேட்டுக்கு வெளியே நீல வாளியை இறக்கி வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது பூட்ஸின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் ஹெவின். முரட்டுத் தூரிகை. குதிகாலில் ஆறு தேய்ப்பு, முன்காலில் பத்து, இடுக்குகளில் ஒட்டிய மண்ணுக்கு ஒரு மரக்குச்சி. பிறகு வலது பூட்ஸ். மழை விட்டும் தூவானம் விடவில்லை. வாளியில் இருக்கும் தண்ணீரைவிட அவர் கழுத்துக்குள் இறங்குகிற தண்ணீர்தான் அதிகம். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. இரண்டு பூட்ஸும் சுத்தமான பிறகுதான் கேட்டைத் திறப்பார்.

ஒரு வீட்டுப் புல்லின் நோயை இன்னொரு வீட்டுப் புல்லுக்குக் காலில் சுமந்துகொண்டு போகக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு நாளைக்கு ஏழு வீடு என்றால் ஏழு தடவை வாளி இறங்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் பதில் தயாராக இருக்கும். "டாக்டரு கை கழுவுறாரு. அதுக்கு யாராச்சும் சிரிக்கிறீங்களா? நான் காலைக் கழுவுறேன். அம்புட்டுத்தான்."

மேற்கு வேல்ஸில், கடலுக்கும் குன்றுக்கும் நடுவே இருக்கிற அபர்க்வெனில் ஹெவின்கள் மூன்று பேர். மீன் விற்பவர் மீன் ஹெவின். தபால் கொண்டுவருபவர் தபால் ஹெவின். இவர் புல் ஹெவின். வயது அறுபத்தொன்று. ஆறடிக்கு மேல் உயரம், முப்பத்து நான்கு வருஷமாகக் குனிந்தே இருந்ததில் இப்போது ஐந்தே முக்கால். காது இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். ஊரில் நாற்பது புல்தரைகள் அவர் பொறுப்பு. ஆனால் அவர் வீட்டுப் பின்புறம் முழுக்க சிமெண்ட்! வாத்தியார் பிள்ளை மக்கு என்று அதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆள் ஊரில் இல்லை. அதற்கும் அவரிடம் பதில் உண்டு. "நாள் பூரா புல்லையே பாத்துட்டு வீட்டுக்கு வர்றேன். கண்ணு கொஞ்சம் உக்கார வேணாமா?"

வாய் மட்டும் சரியில்லை என்பார்கள். முகத்திலடித்தாற்போலப் பேசுவார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் புல்தரையைப் பெருமையாகக் காட்டிக் கருத்துக் கேட்டபோது, "இது புல்தரை இல்லீங்க. பாசித்தரை. நடுவுல நாலு புல்லு வழி தெரியாம வந்து நிக்குது" என்றார். மனிதர் இரண்டு வாரம் ஹெவினோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேறு என்ன செய்வது, புல்லைப் பற்றி ஹெவின் பொய் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

அவரிடம் இன்னொரு தொல்லை, புல்லைப் படிப்பார். நாம் காலை நாளிதழைப் படிக்கிற மாதிரி. வட்ட வட்டமாக மஞ்சள் விழுந்திருந்தால், "வீட்டுல பொட்டை நாய்தானே?" என்று நாயைப் பார்க்காமலே கேட்பார். வேலியோரம் இரண்டு குழி அமுங்கியிருந்தால் அந்த வீட்டுப் பெண் யாரிடமோ வேலிக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் வெளியில் சொல்ல மாட்டார். ஆனால் ஊர்த் தேவாலயமான சேப்பலின் போதகர் வீட்டில் படித்ததை அப்படியே சொல்லிவிட்டார். பின்வாசலிலிருந்து ஷெட் வரைக்கும் புல் தேய்ந்து கோடு விழுந்திருந்தது. "ஐயா, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை ஷெட்டுக்குப் போறீங்க. புல்லு தாங்காது. அந்தப் பாட்டிலை அடுப்படியிலயே வெச்சுக்கிடுங்களேன்." போதகரின் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

இந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு பருவம்தான் என்பார் ஹெவின், மழை பெய்கிற பருவம், மழை பெய்யப்போகிற பருவம். பனி அதிகம் கிடையாது, வெயிலும் கிடையாது. அதனால் பாசிக்குக் கொண்டாட்டம். மார்ச்சில் பாசிக்கு இரும்பு உப்பு போடுவார். மூன்றாம் நாள் தெருவே தீப்பிடித்து அணைந்த மாதிரி புல்தரையெல்லாம் கறுத்துக் கிடக்கும். ஏப்ரலில் கம்பி வாரியால் அந்தக் கறுப்பை வாரி எடுத்து, உயரமாக வைத்து முதல் வெட்டு. மே, ஜூனில் வாரா வாரம் வெட்டு, கோடு கோடாக, ஒரு வரி வெளுப்பு, ஒரு வரி பச்சை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் வீட்டிலும் இயந்திரச் சத்தம் கேட்கக் கூடாது. சேப்பல் போகாதவர்கள்கூட இதில் கறார். ஆகஸ்டு ஓய்வு. செப்டம்பர்தான் அவருக்குப் புத்தாண்டு. தரையைக் கவைமுள்ளால் குத்தி, காற்று போக வழிவிட்டு, விதை தூவுவார். மூன்று வாரத்துக்கு மண்ணில் சூடு இருக்கும், மேலே ஈரம் இருக்கும். அந்த மூன்று வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஏப்ரல் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

போன வருஷம் அந்த மூன்று வாரம் வந்தபோது ராஸர் வீட்டுப் புல்தரையில் முப்பத்தேழு காலடிகள் இருந்தன.

ட்ரெவர் ராஸர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எண்பது வயது. குள்ளம், குரல் மட்டும் பஸ்ஸின் பின்சீட்டுக்குக் கேட்கிற குரல். ஹெவினை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் புல்லு!" என்பார். வாளியைக் கண்டால் விடவே மாட்டார். "சேப்பலுக்குள்ள போறப்பகூட நீ இப்படிச் செருப்பைத் துடைச்சதில்லையேடா. என் புல்லு என்ன, போதகரைவிடப் பெரிய ஆளா?" ஹெவின் தேய்ப்பதை நிறுத்தாமல், "போதகரு ஞாயித்துக்கிழமைதான் வேலை பாக்குறாரு. உங்க புல்லு ஏழு நாளும் பாக்குது" என்பார். வியாழக்கிழமைதோறும் இந்தக் கச்சேரி நடக்கும். பிறகு ட்ரெவரின் மனைவி எலினெட் அம்மாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பூப்பாத்திக்கு மேலே எட்டி இரண்டு பேருக்கும் டீயை நீட்டுவார்.

கேட்டிலிருந்து வீடு வரைக்கும் சரளைக்கல் போட்ட வண்டிப்பாதை. அதில் களை முளைத்துவிட்டது. அந்த வருஷம் மே மாதம் மூன்று வாரம் விடாத மழை. மழையில் களைக்கொல்லி அடித்தால் அடித்ததும் ஒன்று, அடிக்காததும் ஒன்று. காய்ந்த நாள் வந்ததும் வருகிறேன், நீங்கள் அந்த மருந்து டாங்கைத் தூக்க வேண்டாம் என்று ஹெவின் சொல்லியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை வானம் வெளுத்தது. ட்ரெவர் காலையிலேயே போன் செய்தார். "தரை இன்னும் ஈரமா இருக்கு. நாளைக்கு வர்றேன்" என்றார் ஹெவின்.

தரை ஈரமாக இல்லை. நாற்பது மைல் தள்ளிக் கார்மார்தனில் யாரோ ஒரு பழைய உருளைப் புல்வெட்டியை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் அதைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். பச்சை பெயிண்ட், பித்தளைப் பூண், ஆறு வருஷமாக மனதில் இருந்த சாமான். புதன்கிழமை அடித்தால் குடி முழுகிவிடாது என்று நினைத்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் தரையைப் பற்றி அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சாயங்காலம் புல்வெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது ராஸர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ட்ரெவர் தானே டாங்கை முதுகில் மாட்டிக்கொண்டு பாதை முழுவதற்கும் மருந்து அடித்திருக்கிறார். அடித்துவிட்டுப் புல்தரையைக் கடந்து, காட்டு ஆப்பிள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எலினெட் அம்மாள் டீ கொண்டுபோனபோது உயிர் இல்லை. டாங்க் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்தது. இதயம் சட்டென்று நின்றுவிட்டது, வலியே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அன்றைக்கு வாங்கிய புல்வெட்டியை ஹெவின் இதுவரை ஒரு தரையிலும் ஓட்டவில்லை. சாக்கைப் போர்த்தி வைத்திருக்கிறார்.

களைக்கொல்லி அவசரப்படாத விஷம். அடித்த அன்றைக்கு எதுவும் தெரியாது. அடக்கம் முடிந்து, மகள் மெரெரிட் கார்டிஃபுக்குத் திரும்பிப்போய், பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கேக்குகள் எல்லாம் தீர்ந்து, பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை எலினெட் அம்மாள் மாடி ஜன்னல் திரையை விலக்கினார். பச்சைப் புல்லில் மஞ்சளாகக் கால்கள் நடந்திருந்தன. வண்டிப்பாதையிலிருந்து குறுக்காக வந்து, சமையலறை ஜன்னலுக்கு எதிரே நின்று, திரும்பி, மரத்தடி பெஞ்சுக்குப் போயிருந்தன. ட்ரெவரின் செருப்புக்கு அடியில் இருந்த மருந்து அவர் மிதித்த இடத்தையெல்லாம் கொன்றிருந்தது. வாளியில் கழுவியிருந்தால் ஒரு அடையாளமும் இருந்திருக்காது.

அம்மாள் போனை எடுத்தார். "ஹெவின், ஞாயித்துக்கிழமைன்னு எனக்குத் தெரியும். நீ வா. மெஷின் வேணாம்."

வந்தார், வாளியோடு. கேட்டில் பூட்ஸைக் கழுவிவிட்டு நிமிர்ந்தவர் அதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். எலினெட் அம்மாள் சமையலறைப் படியில் நின்றார். எழுபத்தெட்டு வயது, நேரான முதுகு, இடுப்பில் ஏப்ரன்.

"இதை அழிக்காதே" என்றார்.

"சரிங்க."

"புல்லு தானா மூடிக்குமா?"

"ஆறு வாரத்துல மூடிரும், மிஸஸ் ராஸர். இந்த மழைக்கு எதுவும் திறந்து கிடக்காது."

"மூட விடாதே."

அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க ஊர் ஒரு வேடிக்கையைப் பார்த்தது. புல்லை வளர்த்தே வயிறு வளர்க்கிற மனிதர் வியாழக்கிழமைதோறும் மண்டியிட்டுப் புல்லை வளரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு பலகை. கையில் காய்கறி நறுக்கும் சின்னக் கத்தி. காலடியின் ஓரத்திலிருந்து உள்ளே நீட்டும் வேர்க்கொடிகளை ஒவ்வொன்றாக அறுப்பார். முளைத்த விதையை நகத்தால் கிள்ளுவார். இரண்டாவது முறை விஷம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. இயந்திரத்தைக் காலடிகளிலிருந்து ஒரு முழம் தள்ளியே ஓட்டி, மிச்சத்தைக் கத்தரியால் வெட்டுவார். நான்கு மணி நேரம் ஆகும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் போன துக்கத்தில் அந்த அம்மாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கூடவே புல் ஹெவினுக்கும் பேதலித்துவிட்டது என்றார்கள்.

அவருக்குப் பேதலிக்கவில்லை. பயம். ஒவ்வொரு காலடியும் அந்தச் செவ்வாய்க்கிழமையை அவருக்கு ஞாபகப்படுத்தியது. நான் வந்திருந்தால் இதில் ஒன்றுகூட இருக்காது என்று மண்டியிட்டபடியே நினைப்பார். சொல்லிவிடலாம் என்று வாரா வாரம் வருவார். அம்மாள் ஜன்னல் வழியாக டீயை நீட்டுவார். அந்தக் கையைப் பார்த்ததும் வாய் அடைத்துவிடும். ஊரையெல்லாம் முகத்துக்கு நேரே பேசுகிற மனிதருக்கு ஒரு கோப்பை டீயைத் தாண்டிப் பேச முடியவில்லை.

எலினெட் அம்மாளுக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது. ஜூனிலிருந்து அந்த அம்மாள் புல்லில் கால் வைக்கவில்லை. காலையில் மாடி ஜன்னல், மத்தியானம் சமையலறை ஜன்னல். சமையலறை ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். முன்பெல்லாம் அது காலை முதல் அலறிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்டு கடைசியில் மகள் மெரெரிட் வந்தாள். ஐம்பது வயதுக்காரி, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வந்த அன்றே ஹெவினைக் கேட்டுக்கு வெளியே மடக்கினாள்.

"உங்களால இதை ஒரே நாள்ல சரி பண்ண முடியும்தானே?"

"முடியும்மா."

"அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்து பராமரிக்கிறீங்க? அம்மா நாள் பூரா அதையே பாத்துட்டு இருக்காங்க. சாப்பிடுறதில்ல. ராத்திரி தூங்குறதில்ல. அப்பா செத்து மூணு மாசம் ஆச்சு, இந்த வீட்டுல இன்னும் நடந்துட்டே இருக்காரு. உங்களுக்கு இரக்கமே இல்லையா?"

ஹெவின் தூரிகையை வாளியில் போட்டார். "அம்மா வாயால சொல்லணும்மா. அவங்க சொன்னா அன்னிக்கே செய்றேன்."

"அப்ப நீங்க அவங்ககிட்ட பேசுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. புல்லு விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது."

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் போன பிறகும் தேய்த்த பூட்ஸையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் இரண்டாவது வியாழக்கிழமை. வண்டியில் விதை மூட்டை, சலித்த மண், கவைமுள் எல்லாம் இருந்தன. பூட்ஸைக் கழுவினார். நேராகப் போய்ச் சமையலறைப் படியருகே நின்று தொப்பியைக் கழற்றினார். முன்பு அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அடக்கத்தன்று மட்டும் கழற்றியிருந்தார்.

"மிஸஸ் ராஸர், விதைக்கிற காலம் வந்துருச்சு. இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

"விதைக்கலைன்னா?"

"விதைக்கலைன்னா அப்படியே நிக்கும்னு நெனைக்காதீங்க. மழைக்காலம் வந்தா புல்லு தூங்கிரும், பாசி தூங்காது. வெறும் மண்ணு கண்டா அதுக்கு விருந்து. கிறிஸ்துமஸுக்குள்ள காலடி பூரா பாசி ஏறி, ஓரம் கரைஞ்சு, எது காலு எது தரைன்னு தெரியாமப் போயிரும். என் கத்தியால ஒண்ணும் செய்ய முடியாது. எப்படியும் அது போகத்தான் போகுது. புல்லாப் போகணுமா, பாசியாப் போகணுமா, அதை நீங்க சொல்லுங்க."

அம்மாள் கெட்டிலை அடுப்பில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நீ புல்லைப் படிப்பேன்னு சொல்லுவாங்க."

"ஏதோ கொஞ்சம்."

"அப்ப இதைப் படிச்சுச் சொல்லு." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அவரு இங்க வந்து நின்னிருக்காரு. எனக்கு நேரா. நான் அடுப்புப் பக்கம் திரும்பி, இரும்புக்கல்லுல கேக் சுட்டுக்கிட்டு இருந்தேன். ரேடியோவுல கூட்டுப்பாட்டு. நானும் கூடச் சேர்ந்து பாடிட்டு இருந்தேன், ஹெவின், சத்தமா. நெஞ்சு வலிச்சு என்னைக் கூப்பிட வந்தாரா? கண்ணாடியத் தட்டுனாரா? எனக்குக் கேக்கலையா? மூணு மாசமா இதான் கேள்வி. டாக்டருக்குத் தெரியாது. மெரெரிட்கிட்ட கேட்டா 'இல்லம்மா இல்லம்மா'ன்னுதான் சொல்லுவா. நீ சொல்லு."

மூன்று மாதம் அந்தக் காலடிகளோடு குடித்தனம் நடத்தியவர் ஹெவின். ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். காது சிவந்து கருத்தது.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிரணும். அதைச் சொல்லாம இதைச் சொன்னா, நாளைக்குத் தெரியறப்ப இதையும் நம்ப மாட்டீங்க. அந்தச் செவ்வாக்கிழமை தரை ஈரமா இருக்குன்னு சொன்னேன்ல? பொய். காஞ்சுதான் இருந்துச்சு. ஒரு மெஷின் வாங்கப் போயிட்டேன். நான் வந்திருந்தா அவரு அந்த டாங்கைத் தூக்கியிருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டுத் தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். அம்மாள் அவரையே பார்த்தார்.

"தெரியும்."

"என்னது?"

"போனை வெச்சுட்டு நேரா வெளிய போனாரு. சரளைக்கல்லைக் கையில அள்ளிப் பாத்தாரு. உள்ள வந்து, 'ஈரமாம்! அந்தப் புல்லுப்பயலுக்கு வாயில வந்த மொதப் பொய்யி, அதைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல'ன்னாரு. உன்னைத் திட்டிக்கிட்டே ரெண்டு முட்டை சாப்பிட்டாரு. அன்னிக்கு நல்லாத்தான் சாப்பிட்டாரு." மூக்கை ஏப்ரனால் துடைத்துக்கொண்டார். "உன்மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அது இருக்கட்டும். நான் கேட்டதைச் சொல்லு."

ஹெவின் புல்லில் இறங்கினார். பலகையைப் போட்டு மண்டியிட்டார். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே அம்மாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெரெரிட்டும் பின்னால் வந்து நின்றாள்.

"இது ரெண்டும் சேர்ந்து நிக்கிற காலு. மூக்கு ரெண்டும் உங்களைப் பாத்து. வலது காலுக்குப் பக்கத்துல பாருங்க, தட்டு அளவுக்குப் புல்லு செத்திருக்கு. அது காலு இல்ல. கையில குழாயைத் தொங்கவிட்டு நின்னிருக்காரு, அது சொட்டியிருக்கு. ஒரு சொட்டு ரெண்டு சொட்டுல இம்புட்டு வராது. கெட்டில் கொதிக்கிற நேரம் நின்னிருக்காரு. முதுகுல டாங்கோட. நெஞ்சு வலிக்கிறவன் மொதல்ல சுமையை இறக்குவான். அவரு இங்க இறக்கல."

"தட்டினாரா?"

"எப்படித் தட்ட முடியும்? இங்க இருந்து கண்ணாடிக்குக் கை எட்டாது. நடுவுல உங்க பூப்பாத்தி இருக்கு. தட்டணும்னா ஒரு காலைப் பாத்தியில வைக்கணும். மருந்துக் காலு. வெச்சிருந்தா அந்த இடத்துல செடி செத்திருக்கும். ஜூன்ல நானே ஒவ்வொரு செடியாப் பாத்தேன். ஒண்ணுகூடச் சாகல. உசுருக்குப் பயந்து கூப்பிட வந்தவன் பூவைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டான், மிஸஸ் ராஸர்."

பிறகு எழுந்து பெஞ்சுப் பக்கம் நடந்தார். குனிந்து விரலால் அளந்து காட்டினார். "பாதையில இருந்து ஜன்னல் வரைக்கும் இருபத்திநாலு எட்டு. எல்லாம் ஒரே அளவு, பஸ் டயர் கணக்கா. இங்க இருந்து பெஞ்சுக்குப் பதினொண்ணு. மொத ஆறும் அதே அளவு. கடைசி அஞ்சு சின்னதாகுது. வலி வந்திருந்தா அங்கதான் வந்திருக்கணும். அஞ்சு எட்டு. அதுக்குள்ள பெஞ்சு வந்துருச்சு."

கடைசி ஐந்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்டர் சொன்னதையே தானும் சொல்லியிருக்கலாம். அவரால் முடியவில்லை. இரண்டாவது முறை பொய் சொல்ல அந்த மனிதரிடம் சரக்கு இல்லை.

பிறகு எலினெட் அம்மாள் மெதுவாகக் கேட்டார். "அப்ப எதுக்கு வந்து நின்னாரு?"

ஹெவின் தோளைக் குலுக்கினார். "அது புல்லுல இல்லீங்க. நீங்க பாடிட்டு இருந்தீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

அம்மாளின் முகம் கோணியது. "நான் பாடினா பூனை வீட்டை விட்டு ஓடும்னு சொல்லுவாரு. அம்பத்திமூணு வருஷம் 'வாயை மூடு எலினெட், வாயை மூடு எலினெட்'னு..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். மெரெரிட் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். ஹெவினுக்கும் கண் நிறைந்துவிட்டது. மழைத்தண்ணியைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து மெரெரிட் வந்து சொன்னாள். "விதைக்கச் சொல்லிட்டாங்க."

வண்டிப்பாதை ஓரத்தில் முதல் காலடியிலிருந்து தொடங்கினார். கவைமுள்ளால் குத்தி, காய்ந்த வேரைக் கிளறி எடுத்து, ஒரு கை மண், மூன்று விரல் விதை, மேலே இன்னொரு சிட்டிகை மண், உள்ளங்கையால் ஒரு அழுத்து. பிறகு பலகையை நகர்த்தி அடுத்தது. அவசரமே படவில்லை. ட்ரெவர் நடந்த வரிசையிலேயே போனார். தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. விதைக்கு நல்லது என்று முனகிக்கொண்டார். இருபத்திநாலும் முடிந்து ஜன்னலுக்கு எதிரே இருக்கும் இரண்டுக்கு வந்தபோது மத்தியானமாகிவிட்டது. கையில் மண்ணை எடுத்தவர், என்னவோ, போடவில்லை. அப்படியே மண்டியிட்டிருந்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. எலினெட் அம்மாள் வெளியே வந்தார். தலையில் மழைத்துணி, காலில் வீட்டுச் செருப்பு. படியிலிருந்து ஒரு எட்டு வைத்தால் புல்தரை. அவர் அந்த எட்டை வைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி, வண்டிப்பாதை நெடுக நடந்து, கேட்டைத் திறந்து வெளியே போனார்.

ஹெவின் தலையைத் திருப்பிப் பார்த்தார். அம்மாள் கேட் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். நீல வாளியிலிருந்து தூரிகையை எடுத்தார். இடது செருப்பின் அடியைத் தேய்த்தார், குதிகாலிலிருந்து முன்கால் வரைக்கும். பிறகு வலது. மழையில் நனைந்துகொண்டே, ஒன்று விடாமல்.

தேய்த்து முடித்து, கேட்டைத் தாண்டிப் புல்லில் கால் வைத்தார். ஹெவின் தன் முழங்காலுக்குக் கீழே இருந்த பலகையை உருவி அந்த இரண்டு காலடிகளுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, விதைப் பையின் வாயை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.